ஆயிரம் யார்டில் துவக்கின் பங்கு எவ்வளவு?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மெல்பேர்னில் படிக்கிறீர்கள், அங்கே ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து கிளப் துவக்கை இரவல் வாங்கிச் சுடுகிறீர்கள், பக்கத்தில் படுத்துச் சுடுகிறவர்களின் சாமான் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, நீங்களும் கடன்பட்டு ஒன்று வாங்கினால் ஆயிரம் யார்டில் புள்ளி கூடுமா? ஜூனில் விடுமுறைக்கு ஊருக்கு, திருகோணமலைக்கு, வருவதாகவும் அந்த நாட்களில் துவக்கு இல்லாமல் எதையாவது பழகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறொன்று. வெளியே போகிற சூடுகளில் துவக்கின் பிழை எவ்வளவு, உங்கள் பிழை எவ்வளவு, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் உவர்மலைக்காரன். இங்கிலாந்தில் கருவி செய்யும் பட்டறையில் லேத் வேலை பார்த்தேன், சனி ஞாயிறுகளில் அங்கே பிஸ்லி என்ற சூட்டு மைதானத்தில் சுட்டேன், இப்போது திரும்பி வந்து ஊரோடு இருக்கிறேன். சுட்டதெல்லாம் டார்கெட் ரைபிள்: .308 ரவை, இரும்புக் குறிகாட்டி, கையில் வார், படுத்த நிலை. ஸ்கோப் பூட்டித் தாங்கியில் வைத்துச் சுடும் எஃப் கிளாஸைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் அதிகம். ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவதைத்தான் உங்கள் கிளப்பில் மினிட் என்கிறார்கள். ஆயிரம் யார்டில் ஒரு மினிட் என்பது 26.6 சென்டிமீட்டர். பிஸ்லி ஆயிரம் யார்ட் இலக்கில் புல் எனப்படும் நடு வட்டம் ஏறத்தாழ இரண்டு அடி அகலம், அதாவது இரண்டு மினிட்டுக்குச் சற்று மேல். 155 கிரெயின், அதாவது பத்துக் கிராம் அளவு எடையுள்ள சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் முனை) விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அங்கே போய்ச் சேர ஒன்றரை விநாடி அளவில் பிடிக்கும். அதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஒன்பது மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். இந்த ஒன்பது மீட்டரை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது, பிழைகள் சேரும் விதம். இதைக் கனபேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். துவக்கின் சிதறல் ஒரு மினிட், உங்கள் பிடியின் சிதறல் ஒரு மினிட், காற்றைக் கணிப்பதில் இரண்டு மினிட் என்றால் மொத்தம் நான்கு அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகளை ஒவ்வொன்றாக வர்க்கித்துக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒன்று, ஒன்று, நான்கு, கூட்டினால் ஆறு, வர்க்கமூலம் 2.45 மினிட். இப்போது கடன்பட்டு அரை மினிட் துவக்கு ஒன்று வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 2.29 ஆகிறது. ஆயிரம் யார்டில் நாலு சென்டிமீட்டர் லாபம், அவ்வளவுதான். அதே கிளப் துவக்கோடு காற்றுப் பிழையை இரண்டிலிருந்து ஒன்றரைக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 2.06. அது பத்து சென்டிமீட்டர் லாபம், காசு செலவில்லை.

ஆனால் இதே கணக்கைக் காட்டி "துவக்கில் ஒன்றுமில்லை, எல்லாம் ஆளில்தான்" என்று சொல்பவர்களோடும் நான் உடன்படமாட்டேன். உங்கள் கிளப் துவக்கின் குழல் தேய்ந்து, அதன் சிதறல் இரண்டரை மினிட்டாக இருந்தால் மொத்தம் 3.35 ஆகிவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் புல்லுக்கு வெளியே ரவை போகும். மறுபக்கம், பிடி அரை மினிட்டும் காற்று ஒரு மினிட்டும் உள்ள நல்ல ஆட்டக்காரருக்குத் துவக்கை ஒன்றிலிருந்து அரை மினிட்டாக்கினால் மொத்தம் 1.5 இலிருந்து 1.22 ஆகக் குறைகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஆட்டம் உயர உயரத்தான் சாமானின் தரம் தன் வேலையைக் காட்டும். உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் வீண்செலவு செய்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய கணக்கு வேறு, உங்களுடைய கணக்கு வேறு.

சாமானில் எது முக்கியம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் நான் முதலில் சொல்வது ரவையை. ஒவ்வொரு ரவையும் ஒரே வேகத்தில் புறப்பட வேண்டும். ஆயிரம் யார்டில் விநாடிக்கு பத்து அடி வேக வித்தியாசம், .308 இல், ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே கீழே போவதற்குச் சமம். ஒரு பெட்டிக்குள் ஐம்பது அடி வித்தியாசம் இருந்தால் ஒரு மினிட்டுக்கு மேல் அதிலேயே போய்விட்டது. அந்தச் சிதறலை எந்தக் குழலும் திருத்தாது. முன்னூறு யார்டில் இது கண்ணில் படாது, அதனால்தான் முன்னூறில் அழகாக ஒரே இடத்தில் கூடும் ரவை ஆயிரத்தில் தென்னை மரம் போல் மேலும் கீழுமாக நெட்டுக்குச் சிதறி நிற்கும். சியெரா, பெர்கர், லபுவா போன்றவர்கள் செய்யும் 155 கிரெயின் அளவிலான போட்டிச் சன்னங்கள் இந்தத் தூரத்தை மனதில் வைத்தே வடிக்கப்பட்டவை. மலிவான இராணுவ ரவையின் சன்னம் ஆயிரம் யார்டை எட்டுமுன்பே ஒலியின் வேகத்தை நெருங்கித் தள்ளாடத் தொடங்கும். பிஸ்லியில் டார்கெட் ரைபிள் போட்டிகளில் நடத்துபவர்களே எல்லோருக்கும் ஒரே ரவையைக் கையில் தரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. பணக்காரனும் மாணவனும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் சுடும்போது ஆட்டம் எவ்வளவு சமமாகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குழல். இதில் பெயருக்குக் காசு கொடுப்பதை விட நிலைமையைப் பார்ப்பது முக்கியம். குழலில் இரண்டு இடங்கள்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கின்றன. ஒன்று, ரவை இருக்கும் அறைக்கு உடனே முன்னால், சுருள் காடிகள் தொடங்கும் இடம், தொண்டை என்பார்கள். வெடிமருந்தின் நெருப்பு நேராகப் படுவது அங்கேதான். .308 குழல் நாலாயிரம் ஐயாயிரம் ரவை வரை உழைக்கும், வேகம் கூடிய 6.5-284 போன்ற ரவைகளுக்கான குழல்கள் ஆயிரத்தைச் சுற்றியே களைத்துவிடும். மற்றது, குழல்வாய். சன்னத்தைக் கடைசியாகத் தொட்டு விடுவது அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுச் சன்னத்தின் அடியைத் தட்டிவிடும். பார்ப்பது எளிது. துவக்கு வெறுமையா என்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு விளிம்பின் மேல் வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துச் சுற்றி வாருங்கள். எங்காவது பஞ்சு நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. நல்ல லேத்தில் விளிம்பைத் திரும்ப வெட்டிக் கொடுப்பது புதுக் குழலோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. பட்டறைக்காரன் என்பதால் சொல்கிறேன், கனபேர் செத்துவிட்டது என்று ஒதுக்கிய குழல்களில் சில இந்த ஒரு வேலையில் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தேய்ந்த தொண்டைக்கு அந்த வைத்தியம் இல்லை.

மூன்றாவது குறிகாட்டி, இங்கேதான் விலைக்கும் தரத்துக்கும் உண்மையான உறவு இருக்கிறது என்பது என் எண்ணம். பின் குறியின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் கால் மினிட் நகர வேண்டும். எப்போதும் அதே கால் மினிட். மலிவான குறிகாட்டியில் திருகுக்கும் மரைக்கும் நடுவே தளர்வு இருக்கும். வலதுபக்கம் எட்டுக் கிளிக் போய் இடதுபக்கம் எட்டுக் கிளிக் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கு வராது. நீங்கள் காற்றைச் சரியாகக் கணித்திருப்பீர்கள், திருகும் சரியாகத் திருப்பியிருப்பீர்கள், ரவை மட்டும் முக்கால் மினிட் தள்ளிப் போகும். உடனே உங்கள் கணிப்பைத்தான் சந்தேகிப்பீர்கள். மோசமான சாமானின் பெரிய கெடுதல் இதுதான்: புள்ளியைக் குறைப்பது கூடப் பரவாயில்லை, பாடத்தைக் குழப்பிவிடுகிறது. எது தன் பிழை என்று தெரியாதவன் எதைத் திருத்துவான்? நல்ல சாமானுக்கு நான் காசு கொடுக்கச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். கிளப் துவக்கில் இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். துவக்கை அசையாமல் வைத்து, குறியை ஒரு சுவர்க் கோட்டுக்கு நேராக்கி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்த் திரும்பிவந்து கோடு இன்னும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வு இருந்தால் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்தப் பழகினால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இப்போது அந்த ஒன்பது மீட்டர். அவ்வளவு இறக்கத்துக்கு ஈடாகக் குழலைத் தூக்கிப் பிடிக்கிறோம் அல்லவா? துவக்கு ஒரு பாகை மட்டும் பக்கவாட்டில் சரிந்திருந்தால் அந்தத் தூக்கலில் ஒரு துளி பக்கவாட்டுக்குப் போய்விடும். ஆயிரம் யார்டில் அது பதினைந்து சென்டிமீட்டர், அரை மினிட்டுக்கு மேல். நூறு யார்டில் இதைக் கவனிக்கவே முடியாது. முன் குறியில் பூட்டும் சின்ன ரசமட்டம் இதைப் பிடித்துவிடும். விலையுயர்ந்த குழல் தரும் லாபத்துக்குச் சமமான லாபம் சின்ன விலையில் கிடைக்கும் அபூர்வ இடம் இது. சோங்கு (தோளில் அணைக்கும் கட்டை), விசை, குழல் படுகை (இரும்புப் பாகம் சோங்கில் உட்காரும் இடம்) இவற்றைப் பற்றி நீட்டவில்லை. குழல் சோங்கில் எங்கும் உரசக்கூடாது, இரும்பு சோங்கில் அசையக்கூடாது, விசை ஒவ்வொரு முறையும் ஒரே பாரத்தில் விடுபட வேண்டும், சோங்கு உங்கள் உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். மரச் சோங்கு ஈரத்தில் ஊதும். திருகோணமலை மாதிரிக் கடலோர ஊரில் அது பெரிய தலையிடி, மெல்பேர்னிலும் கவனிக்க வேண்டிய சங்கதிதான்.

நிச்சயமில்லாதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. புதுக் குழலை ஒவ்வொரு ரவைக்கும் துடைத்துப் பழக்க வேண்டும் என்பது, குழலைக் கடுங்குளிரில் வைத்து எடுத்தால் சிதறல் குறையும் என்பது, குழல்வாயில் பூட்டி அதிர்வைச் சரிசெய்யும் டியூனர், சன்னங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பது. சத்தியம் செய்பவர்களும் உண்டு, சிரிப்பவர்களும் உண்டு. இரு பக்கத்திலும் நன்றாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். தகராறு தீராததற்குக் காரணம் எளியது: மூன்று ரவை சுட்டு, இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டத்தை அளப்பது எதையும் நிரூபிக்காது. ஒன்றையும் மாற்றாமல் அதே துவக்கில் ஐந்து ஐந்தாகச் சுட்டாலே ஒரு கூட்டம் மற்றதைப் போல் இரண்டு மடங்கு இருக்கலாம். வெறும் தற்செயல். சின்ன லாபத்தை உறுதிப்படுத்த நூற்றுக்கணக்கில் சுட வேண்டும், அதற்குள் குழலே மாறிப்போகும். ஆகவே இவற்றுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். ஈரப்பதன் பற்றிய ஒரு நம்பிக்கையை மட்டும் துணிந்து மறுக்கலாம். ஈரக்காற்று கனமானது, சன்னத்தை இழுத்துப் பிடிக்கும் என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றை விடச் சற்று இலேசானது, விளைவும் மிகச் சிறியது. வெப்பம்தான் கவனிக்க வேண்டியது. சூடேறிய குழலுக்குள் ரவையைப் போட்டுவிட்டுக் காற்று மாறட்டும் என்று நெடுநேரம் காத்திருந்தால் மருந்து சூடாகி அந்தச் சன்னம் இலக்கில் மேலே படும். காத்திருக்க வேண்டுமானால் ரவையை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

துவக்கா ஆளா என்ற இந்தச் சண்டை பழையது. 1860 இல் விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி தொடக்கிவைத்தபோது, விட்வர்த் துவக்கை ஒரு தாங்கியில் இறுக்கி, குறியும் முன்கூட்டியே பார்த்து, நானூறு யார்டில் விசையை இழுப்பதை மட்டும் அவர் கையில் கொடுத்தார்கள். நடுவுக்கு மிக அருகில் பட்டது. அந்தக் காலத்திலேயே நல்ல துவக்கு தன் பங்கைச் செய்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1874 இல் நியூயோர்க்குக்கு அருகே கிரீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் 800, 900, 1000 யார்டுகளில் மோதின. அயர்லாந்துக்காரர் வாய் வழியாக மருந்திடும் ரிக்பி துவக்குகள், அமெரிக்கர் பின்னால் ரவை இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ். எது சிறந்த முறை என்று அன்றே தீர்ந்துவிடும் என எல்லோரும் காத்திருந்தார்கள். 934 க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. ஆனால் அயர்லாந்துக்காரர் ஒருவர் அடித்த புல் அடுத்தவரின் இலக்கில் பட்டதால் அதற்குப் புள்ளி இல்லை. அன்றைய கணக்கில் ஒரு புல் நாலு புள்ளி. கூட்டிப் பாருங்கள்.

இனி காற்று. .308 இல் பக்கவாட்டுக் காற்றை மணிக்கு ஒரு மைல் பிழையாகக் கணித்தால் ஆயிரம் யார்டில் கால் மீட்டர் போய்விடும். அதைவிடப் பொல்லாதது இலக்குப் பக்கமிருந்து நேர் எதிரே வரும் காற்று. மணிக்குப் பத்து மைல் காற்று பன்னிரண்டு மணித் திசையிலிருந்து ஒரு மணித் திசைக்குத் திரும்பினால் பாதிப் பெறுமதி பக்கவாட்டுக்கு வந்துவிடும், அது ஒரு மீட்டருக்கு மேல். கொடி கொஞ்சம் தலையாட்டியது போலத்தான் தெரியும். இந்த இடத்தில்தான் உங்கள் விடுமுறை உதவும். ஜூன், ஜூலையில் இங்கே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் அந்தச் சுடுகாற்றோடு பகலில் கடற்காற்று வந்து மல்லுக்கட்டும் நாட்கள் உண்டு. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு தொலைநோக்கியோடு அந்த நேரத்தில் உட்காருங்கள். அரை மைல் தூரத்தில் மணலுக்கு மேல் ஒரு தோணியின் அணியத்தைப் பாருங்கள், பிறகு குவியத்தைச் சற்றுக் கிட்டத்துக்கு இழுங்கள். கானல் அலை ஓடுவது தெரியும். காற்று பக்கவாட்டாக இருந்தால் ஆறு போல் ஒரு பக்கம் ஓடும், வேகம் கூடக் கூடத் தட்டையாகும், நல்ல காற்றில் அலையே தெரியாமல் போகும், அப்போது கொடியை நம்ப வேண்டும். காற்று நின்றாலோ நேராக எதிரே திரும்பினாலோ அலை மேலே கொதிப்பது போல் எழும். அந்தக் கொதிப்பு வந்த உடனே சுடாதீர்கள் என்பதுதான் நான் இளையவர்களுக்குச் சொல்வது, ஏனென்றால் அடுத்த கணம் அது எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. பார்த்ததைக் கொப்பியில் எழுதி, அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே குறித்து, பிறகு சரிபாருங்கள். கரைவலைக்காரரிடம் கேட்டால் கச்சான் எப்போது விழும் என்று அவர்கள் உங்களுக்கு முன்பே சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை.

தொலைநோக்கியை இங்கே கொண்டுவந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள், நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். துவக்குச் சம்பந்தமான வேறெதையும், நினைவுக்காக ஒரு வெற்று ரவைக் கோதைக்கூட, பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். இலங்கையில் துவக்கு என்பது அனுமதிப்பத்திரத்துக்குள் அடங்கிய விஷயம், கட்டுநாயக்காவில் நின்று விளக்கம் சொல்லும் விளையாட்டு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் நம்முடைய புறாத்தீவிலேயே சூட்டுப் பயிற்சி நடந்திருக்கிறது, இப்போது அது தேசியப் பூங்கா, புறாக்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

வாங்குவதா இல்லையா என்று நேராகச் சொல்ல உங்கள் சூட்டுத் தாள்களைப் பார்க்காமல் முடியாது. ஆனால் நீங்களே பார்க்கலாம். ஆயிரம் யார்டில் சுட்ட தாள்களை எடுத்து, சிதறலை அகலம் வேறு உயரம் வேறாக அளந்து பாருங்கள். அகலம் பெரும்பாலும் காற்றின் கணக்கு, துவக்கின் சரிவும் குறிகாட்டித் தளர்வும் அதில் ஒளிந்திருக்கலாம். உயரம் ரவை, குழல், உங்கள் மூச்சு, உங்கள் பிடி. அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு என்றால் காசை வங்கியில் வையுங்கள். உயரமும் பெரிதாக இருந்தால், திரும்பிப் போனதும் காற்றில்லாத ஒரு காலையில் கிளப்பின் நல்ல ஆட்டக்காரர் ஒருவரிடம் அதே கிளப் துவக்கையும் நீங்கள் சுடும் அதே பெட்டி ரவையையும் கொடுத்து இருபது சூடு சுடச் சொல்லுங்கள். அவருக்கும் உயரம் இரண்டு மினிட்டைத் தாண்டினால் முதலில் ரவையை மாற்றிப் பாருங்கள், பிறகு குழல்வாயைப் பாருங்கள், பிறகு கிளப் செயலாளரிடம் புதுக் குழலைப் பற்றிக் கதையுங்கள். அவருக்கு ஒரு மினிட்டுக்குள் நின்றால் அந்தத் துவக்கை இன்னொரு பருவம் இரவல் கேளுங்கள், மிஞ்சும் பணத்தில் நல்ல பின் குறி ஒன்றும் உடம்புக்கு அளவான ஜாக்கெட்டும் வாங்குங்கள். இரண்டையும் நாளை வேறு துவக்குக்கும் கொண்டுபோகலாம்.